ஒன்பது அங்குலம்

சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் மேலதிகாரிக்குக் குற்றாலத்துப் பக்கம் இருக்கும் குளங்கள் மேல் தனிக் கரிசனம் பிறந்துவிடும். காலையில் அருவி, மத்தியானம் பங்களாவில் உறக்கம், சாயங்காலம் நேரமிருந்தால் குளம். நான் தென்காசியில் பாசன அலுவலகத்தில் எழுத்தர். வரைபடச் சுருளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பேன். முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்துநாலு வயது. இங்கிலீஷ் நன்றாக எழுதுவேன் என்கிற திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வருஷம் ஒரு குளத்தில் பழைய கல்மடையை எடுத்துவிட்டு இரும்பு அடைபலகை வைத்தார்கள். கரைமேல் ஒரு சக்கரம். அதைச் சுற்றினால் நீருக்கடியில் பலகை ஏறும், இறங்கும். அதைப் பற்றி ஜில்லா அலுவலகத்துக்கு நான் இங்கிலீஷில் எழுதிய விவரத்தை அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு திருத்தமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அதையே தமிழில் எழுதி நீர்பாய்ச்சியிடம் கொடுக்கச் சொன்னார். நீர்பாய்ச்சி என்பவர் மடையைத் திறந்து அடைத்து, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். தகப்பன் வழியாக வந்த வேலை அவருக்கு.

நான் வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்து வரிக்கு வரி தமிழாக்கினேன். ‘நடவுக் காலத்தில் அடைபலகையை ஒன்பது அங்குலம் உயர்த்தி நிறுத்த வேண்டும்.’ குளத்தங்கரையில் வைத்து நானே வாசித்தும் காட்டினேன். ஐம்பது வயதிருக்கும் மனிதர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“பலகை தண்ணிக்குள்ளல்லா கெடக்கு. ஒம்பது அங்குலம்னு மேல நிக்கவன் எப்படிய்யா பாக்கது?”

என் வரைபடத்தில் குளக்கரையைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருந்தார்கள். பலகை பளிச்சென்று தெரிந்தது. கரைமேல் நிற்கிறவருக்கு அது தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. சாரல் வேறு நனைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

“எழுதியிருக்கபடி செய்யும்வே” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுதியிருந்தபடியே செய்தார். பழைய மடையில் எப்போதும் முங்கிக் கையால் தடவிப் பார்த்துத்தான் தண்ணீர் விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் மச்சினனைச் சக்கரத்தில் நிறுத்திவிட்டு இவர் முங்கினார், பலகைக்குக் கீழே விரல்களை அடுக்கி ஒன்பது அங்குலம் அளக்க. விரல்கணக்கில் பலகை கொஞ்சம் கூடுதலாக ஏறியிருந்திருக்கிறது. இறக்கச் சொல்லி, மேலே இருக்கிறவனுக்குச் சைகை காட்டக் கட்டியிருந்த கயிற்றை இடது கையால் இழுத்தார். வலது கையை எடுக்குமுன் மச்சினன் இறக்கிவிட்டான். மூன்று விரல்கள் போயின.

அதிகாரி சம்பவ அறிக்கை கேட்டார். ‘அனுமதியில்லாமல் நீரில் இறங்கினார்’ என்று ஒரு வரி இருக்கட்டும் என்றார். அந்த வரி இருந்தால் மடை வேலையை நீர்பாய்ச்சியிடமிருந்து எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கேள்வி என்மேல் திரும்பும். இங்கிலீஷில் அந்த வரியை எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

அறிக்கையில் அவருடைய கைரேகை வேண்டியிருந்தது. காகிதத்தையும் மை டப்பியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். தமிழாக்கிக்கொண்டே வந்தேன். அந்த வரி வந்ததும் தாண்டிப் போனேன்.

“எல்லாம் சரியா இருக்குய்யா. அன்னைக்கு ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்லா, அது மட்டும் இதுல இல்லியே.”

குறையாகச் சொல்லவில்லை. நான் மறந்துபோய் விட்டுவிட்டேன் என்றே நினைத்தார். ரேகை வாங்காமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் அறிக்கையைத் திரும்ப எழுதினேன். அதிகாரி சொன்ன வரியை எடுத்துவிட்டு, ‘பலகை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று மேலிருந்து எப்படி அறிவது என இவர் எழுத்தரிடம் கேட்டார். எழுத்தர் பதில் சொல்லவில்லை’ என்று சேர்த்தேன். அதிகாரி படித்துவிட்டு காகிதத்தை மேசைமேல் வைத்தார். இது இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

மடை நீர்பாய்ச்சியிடமே இருந்தது. எனக்குச் சிவகிரிப் பக்கம் மாற்றல் வந்தது.

போகுமுன் ஒரு காலை முழுக்க அந்தக் கரையில் உட்கார்ந்து, சக்கரத்திலிருந்து பலகைக்கு இறங்கும் திருகுக்கம்பியின் புரியை அளந்து, ஒரு சுற்றுக்குக் கால் அங்குலம் என்று கணக்கிட்டு, புதிய குறிப்பு எழுதினேன். இரண்டே வரி. ‘சக்கரத்தை முப்பத்தாறு சுற்று சுற்றவும். தண்ணீரில் இறங்க வேண்டாம்.’ வாசித்துக் காட்டியதும் அவர் எழுந்து போய் இடது கையால் சுற்றத் தொடங்கினார். பன்னிரண்டாவது சுற்றில் கை ஓய்ந்து நின்றுவிட்டது. நான் சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தேன். மீதியை இருவருமாகச் சுற்றினோம். அவர்தான் எண்ணினார்.