ஆறு வயதைத் திருப்பிக் கொடுத்தேன்

அன்பானவர்களே, நான் மரியதாஸ். ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவன். நின்றுகொண்டு பேச இன்னும் தெம்பு வரவில்லை. உட்கார்ந்தே சொல்கிறேன், மன்னியுங்கள்.

போன வருடம் சாம்பல் புதனுக்கு அடுத்த வாரம், எனக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று ஸ்கேனில் தெரிந்தது. ஒரே ஒரு கட்டி. சோறு இறங்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே எந்நேரமும் ஒரு பாரம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நின்று அலுத்துப்போனேன். கூடவே நின்ற என் மனைவி ஸ்டெல்லா என்னைவிட அலுத்துப்போனாள். சாவு வந்தாலும் வரட்டும், இந்த அலைச்சல் போதும் என்று நினைத்த நாட்கள் உண்டு.

டாக்டரம்மா ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு, "எழுபதுதானே ஐயா, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்றார். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு எழுபது இல்லை, எழுபத்தாறு.

துறைமுகத்தில் ஆள் எடுத்தபோது இருபத்தைந்துக்கு மேல் ஆகாது என்றார்கள். எனக்கு அப்போது முப்பத்தொன்று. ஆறு வயதைக் குறைத்து எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் எல்லாக் காகிதத்திலும் அந்தப் பொய்தான் ஏறியது. என்னைப்போல் செய்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். யாரும் அதைப் பாவமாக நினைத்ததில்லை.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா, வாயத் தொறந்துடாத. எழுவத்தாறுன்னு தெரிஞ்சா, கெழவனுக்கு இன்னாத்துக்கு ஆப்ரேசன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்கோ. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறா?"

கோயிலுக்குப் போய் மாதா முன்னால் முழங்காலில் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'என் பொய் வெளியே தெரியாமல் காப்பாற்று தாயே' என்றுதான் ஜெபித்தேன். ஒன்பது நாள் நவநாள். ஜெபமாலை பாதியிலேயே கண் அசந்துவிடும், அவ்வளவு அசதி. ஒன்பதாம் நாள் ஜெபமே வரவில்லை. "ஆண்டவரே, முடியல. இந்தப் பொய்ய இன்னும் தூக்கிகினு நடக்கத் தெம்பு இல்ல. நீயே பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். அழுதேன்.

மறுநாள் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எம்மா, எனுக்கு எழுவத்தாறு வயசு. கார்டுல கீறது பொய்யி." ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "வயசை மட்டும் பாத்து யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம் ஐயா. எழுபத்தாறுல தாங்குறவங்களும் இருக்காங்க, ஐம்பதுல தாங்காதவங்களும் இருக்காங்க. ஆனா உண்மையைச் சொன்னாத்தானே எதை எதைச் சோதிக்கணும்னு எங்களுக்குத் தெரியும்?" என்றார். இதயத்துக்கு இன்னொரு சோதனை வைத்தார். அதில் ரத்தக்குழாய் அடைப்பு இருந்தது. முன்னே பேசியபடி அந்தப் பெரிய ஆபரேஷனைச் செய்திருந்தால் நான் பிழைத்திருப்பது சந்தேகம் என்று அவரே சொன்னார். கட்டி சின்னது என்பதால், ஊசி வழியாகச் சூடு செலுத்தி அதைப் பொசுக்கினார்கள்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இதுவரை ஒன்றுமில்லை. இனி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் என் பிறந்தநாளுக்கு ஸ்டெல்லா நன்றிப் பூசைக்குச் சொல்லியிருந்தாள். "எழுபத்தேழு வயது நிறைவு செய்யும் மரியதாஸ்" என்று சாமியார் மைக்கில் வாசித்தார். என்னோடு மூட்டை தூக்கிய தோஸ்து, பூசை முடிகிறவரைகூடப் பொறுக்கவில்லை. "அடப்பாவி மாமு! என்னிய வுடப் பெரியவனா நீ? இத்தினி வருசமா என்னியப் போயி அண்ணான்னு கூப்ட்டுகினு இருந்தியேடா!" என்று காதைக் கடித்தான். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

கேட்டது கிடைக்கவில்லையே என்று சோர்ந்துபோயிருக்கிறவர்களே, நான் கேட்டதையும் ஆண்டவர் கொடுக்கவில்லை. பொய்யைக் காப்பாற்றச் சொன்னேன். அவர் என்னைக் காப்பாற்றினார். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள்.