துடுப்பு தோளில் ஏறிய காலை

கொல்லைக் கதவை ஒரு சாண் திறந்து, சந்தில் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் பல் துலக்க வெளியே வருகிறார். வாய் கொப்பளிக்கும்போது தலையை நிமிர்த்துவதில்லை. நிமிர்ந்தால் வானத்தைப் பார்த்ததாக ஆகிவிடும். முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் அந்தச் செய்தி படகுத்துறைக்குப் போய்விடும்.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டே பழக்கம். குடாவில் வலை போடுகிறவர்கள் அவரைக் 'கொடிமரம்' என்பார்கள். துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றும் கம்பத்தைச் சொல்கிறார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். இப்போது யாரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

இந்தக் குடாவில் மீன் தண்ணீரின் பேச்சைக் கேட்கும். கடல்காற்று ஓரிரு நாள் அடித்து அடிமண்ணைக் கலக்கி, தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல் ஆனால் மேய வரும். கண்ணாடியாகத் தெளிந்துவிட்டால் வலையைப் பார்த்து விலகிவிடும். ஆற்றில் வெள்ளம் வந்தால் நன்னீர் மேலே நிற்க, மீன் ஆழத்துக்கு இறங்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிடிபடாதது குடாவின் வாய். அங்கே தண்ணீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு கிடக்கிறது. எங்கோ தொலைவில் புயல் அடித்தால், இங்கே இலைகூட அசையாத நாளில் நீண்ட அலைகள் சோம்பலாக வந்து சேரும். கடல் வற்றத் தொடங்கியதும் அவை அந்தத் திட்டின்மேல் எழுந்து உடையும். படகு போகும்போது வழி இருக்கும், திரும்பும்போது இருக்காது. அதை முன்கூட்டி அறிபவர் இவர் ஒருவர்தான் என்பது துறையின் நம்பிக்கை.

ஒருமுறை தவறினார். மனைவியின் தம்பி படகில் ஏறிக்கொண்டே, "போகலாமா மாமா?" என்று கேட்டான். இவர் சிக்கெடுத்துக்கொண்டிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயிட்டு வா" என்றார். மறுநாள் படகு மட்டும் கரை ஒதுங்கியது.

அதன்பின் கடலைப் பற்றி யார் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும்? நீயும் அதே தண்ணியைத்தானே பாக்குற" என்பார். வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். அவர்கள் வாயை விட்டுவிட்டுக் கையையும் காலையும் படிக்கத் தொடங்கினார்கள். துடுப்பைத் தோளில் வைத்து நடந்தால் எல்லாப் படகும் இறங்கும். துணியை வீட்டுக்குள் காயப்போட்டால் ஒன்றும் இறங்காது. துறையில் ஐஸ் விற்கும் பெண், "நேத்து ரெண்டு தடவை இருமினாரு. இன்னைக்கு ஐஸ் பாதி எடுத்தாப் போதும்" என்று சொன்னதை நானே கேட்டேன். அவருக்கு அன்று சளி, அவ்வளவுதான்.

ஒரு நாள் இந்தத் தொல்லையை ஒழிக்க, மீனே கிடைக்காத தெளிந்த நீரில் வேண்டுமென்றே படகை இறக்கினார். அத்தனை பேரும் பின்னால் போய் வெறும் வலையோடு திரும்பினார்கள்.

"என்னண்ணே, எங்களை உலாத்தவா கூட்டிட்டுப் போனீங்க?"

"நான் கூப்பிட்டேனா?"

"நீங்க கூப்பிடலை. துடுப்பு கூப்பிட்டுச்சு."

அதற்குப் பிறகு படகைத் தொடவில்லை. பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார். மனைவி பிறர் வலைகளைக் கட்டிக்கொடுக்கிறாள். தம்பி போனதைச் சொல்லி அவரை அவள் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அவர் கிளம்பும்போது, "பாறை வழுக்கும், பாத்து" என்பாள். கடலைப் பற்றி அந்த வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

சென்ற மாதம் காற்று விடாமல் அடித்துப் படகுகளைக் கரையிலேயே கட்டிப்போட்டது. பல வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. பிறகு ஒரு காலை காற்று நின்றது. தண்ணீர் சரியான கலங்கலில் இருந்தது. குடாவின் வாயருகே பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன. எல்லோரும் வலையை ஏற்றிவிட்டு, ஏறாமல், அவருடைய தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அவர் மனைவி பிறகு சொன்னது. குளியலறைத் தகரம் காற்றில் கழன்று தொங்கியிருக்கிறது. "தலையில விழப்போகுது. முட்டுக் குடுக்க எதையாவது எடுத்துட்டு வாங்களேன்" என்றிருக்கிறாள். முன்பக்கம் சாத்தியிருந்த துடுப்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்திருக்கிறார்.

தெருமுனையில் நின்றவன் கத்தியது துறைவரை கேட்டது. "ஏறிடுச்சு! தோள்ல ஏறிடுச்சு!"

படகுகள் மணலில் உரசும் சத்தம் கேட்டுத்தான் அவர் ஓடி வந்தார். முன்னால் இருந்த படகுகள் இடுப்பளவு நீரில் மிதந்துவிட்டன. அவர் அவர்களைப் பார்க்கவில்லை, படகு கட்ட நீரில் போட்டிருந்த மிதவைகளைப் பார்த்தார். காற்றே இல்லை. ஆனால் ஒவ்வொரு மிதவையும் மெல்ல எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்று யோசித்து, மெல்ல இறங்கியது. தொலைவுப் புயலின் நீண்ட அலை வந்து சேர்ந்திருந்தது.

"வாங்கண்ணே, முன்னால போங்க!" என்றான் முதல் படகுக்காரன்.

"டேய், அது தகரத்துக்கு முட்டுக் குடுக்க எடுத்ததுடா."

"தகரமா! நல்ல மீன் இருக்கிறதை ஒளிக்கிறாருப்பா." படகுக்குப் படகு சிரிப்பு தாவியது.

ஐஸ்காரப் பெண் சிரிக்கவில்லை. "அண்ணே, பிள்ளைங்க பட்டினி. போகலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் மறுபடி மிதவைகளைப் பார்த்தார். பின்னாலேயே ஓடிவந்த மனைவி, மூச்சிரைக்க, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

அவர் திரும்பி, வெயிலில் வெளுத்து, மணலில் நிமிர்ந்தபடி கிடந்த தன் படகுக்குப் போனார். பருவம் முடிந்து, இனிக் கடலே வேண்டாம் என்னும்போதுதான் இங்கே படகைக் கவிழ்த்துப் போடுவார்கள். அதைக் கவிழ்க்க, விளிம்புக்கடியில் தோளைக் கொடுத்து முக்கினார். படகு ஒரு பக்கம் சற்றே எழுந்து, மறுபடி மணலில் உட்கார்ந்தது. இன்னொரு முறை முக்கினார். நீரில் சிரிப்பு நின்றது. யாரோ துடுப்பை நிறுத்தினார்கள்.

தனியாள் தூக்கும் படகு இல்லை அது. மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். குனிந்து, அவர் தோளுக்குப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்தாள்.