விஜயதசமியன்று காணாமல் போன இசட் டிரைவ்

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு வகைக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் லாரி உதிரிபாகத் தொழிற்சாலை அது. கண்ணாடி அறைக்குள், ஏசி குளிரில் நின்றதைப் "பெரிய மெஷின்" என்போம். பில், சரக்குக் கணக்கு, சம்பளம் எல்லாம் அதற்குள். வெளியே மேஜைகளில் இருந்தவை பிசிக்கள். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

அதனால் பெரிய மெஷினிலிருந்து விற்பனைக் கணக்கைத் தாளில் அச்சடித்து எடுப்போம். அந்தத் தாளைப் பார்த்து அக்கவுண்ட்ஸ் அக்கா தன் பிசியில் எல்லாவற்றையும் மறுபடி அடிப்பார். டேட்டா என்ட்ரியில் சேர்ந்த புதிதில் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன்.

"ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கறத இன்னொரு கம்ப்யூட்டர்ல ஏத்த நாம எதுக்குடி நடுவுல?" என்பார் அக்கா.

"நாமதான்க்கா ஒயரு."

சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி அறை அலமாரியில் இருந்த கையேடுகளைப் படிப்பேன். அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் யாருமில்லை போல, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பெரிய மெஷினில் புதிதாகப் போட்டிருந்த சாஃப்ட்வேர் வெர்ஷனிலேயே ஒரு வசதி இருந்தது. அதன் கோப்புகளை நெட்வொர்க்கில் பங்கிட்டால், பிசிக்காரர்கள் தங்கள் சொந்த டிரைவைத் திறப்பதுபோல் திறந்துகொள்ளலாம். நேராக மேனேஜரிடம் போனேன்.

"இதுக்குத்தாம்மா மவுண்ட் ரோடு கம்பெனிக்காரன் கொட்டேஷன் குடுத்திருக்கான்," என்றார்.

"நான் பண்றேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "விஜயதசமி அன்னிக்கு முதலாளி வந்து ஆரம்பிச்சு வைக்கணும்னு ஆசைப்படறார். அன்னிக்கு ஓடணும். ஓடலைன்னா அவனக் கூப்பிட்டுடுவேன். நீ பழையபடி என்ட்ரிக்குப் போயிடணும். சரியா?"

சரி என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். புத்தகத்தில் எழுதியிருப்பது எனக்குப் புரியாமல் போகாது என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. அதை மறைக்க நான் முயன்றதில்லை.

வேலை பிடித்திருந்தது. பெரிய மெஷினுக்கு நெட்வொர்க்கில் ஒரு பெயர் வைத்தேன். பிசியில் நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் பெரிய மெஷினில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் அது உள்ளே விடாது, அதையும் சரிசெய்தேன். கடைசியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பச்சை எழுத்துத் திரையில் பங்கிடுதலைத் தொடங்கும் கட்டளையை அடித்தேன். வெளியே ஓடிவந்து பார்த்தால் அக்காவின் பிசியில் இசட் என்று ஒரு புது டிரைவ். திறந்தால் விற்பனைக் கணக்கு.

"அடியே, தாள் இல்லாமயே வந்துடுச்சுடி!" அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடியது. பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் அன்று எந்த மெஷினும் ஓடக்கூடாது. லேத்திலிருந்து மேனேஜரின் கால்குலேட்டர் வரை துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு ஓய்வு கொடுப்பார்கள். இரவு பகலாக ஓடும் பெரிய மெஷினுக்கும் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. முறைப்படி நான்தான் அதை நிறுத்தினேன். பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கிக்கு அப்பா பொட்டு வைத்திருந்தார். "உன் மெசினுக்கும் பொட்டு வெச்சாங்களா?" என்றார்.

"வெச்சாங்கப்பா. சாமந்தி மாலைகூடப் போட்டாங்க."

"அப்புறம் இன்னா பயம்? ஜம்முனு ஓடும் போ."

மறுநாள் காலை மெஷினை ஓட்டிவிட்டேன். பச்சைத் திரை வந்தது. பில் போடுகிறவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். அக்காவின் பிசிக்கு முன்னால் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மவுஸைப் பயபக்தியோடு பிடித்து இசட்டை அழுத்தினார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரையில் எழுதி வந்தது.

"நேத்து பூஜையில எவனோ கண்ணு வெச்சுட்டான்," என்றார் அக்கா.

"ராகு காலம் வர்றதுக்குள்ள ஆயிடுமாம்மா?" என்றார் முதலாளி. மேனேஜர் டெலிபோன் பக்கம் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒயரை அசைத்துப் பார்த்தேன். எல்லா விளக்கும் எரிந்தது. பிசியில் ஒரு கட்டளை அடித்துப் பெரிய மெஷினைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. அது இருக்கிறது, நெட்வொர்க்கும் இருக்கிறது. பங்கிடுதல்தான் இல்லை. நேற்று முன்தினம் இருந்தது இன்று ஏன் இல்லை? நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று: மெஷினை நிறுத்தினோம். நிறுத்தி ஓட்டினால் பில்லும் சம்பளமும் தானாக எழுந்துகொள்ளும். அவற்றை எழுப்பும்படி மெஷினுக்கு யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள். என் பங்கிடுதலை எழுப்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது நான் ஒருமுறை கையால் அடித்த கட்டளையில் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி அறைக்குள் போனேன். மாலை கீபோர்டின் மேல் சரிந்து கிடந்தது. சாமந்தியை ஒதுக்கிவிட்டு அந்த ஒற்றை வரியை அடித்தேன்.

"இப்ப அமுக்குங்க சார்!" என்று கதவைத் திறந்து கத்தினேன்.

முதலாளி அமுக்கினார். திரையில் பெட்டி விரிந்தது. உள்ளே வரிசையாகக் கோப்புகள். அவர் திரையைக் கும்பிட்டார். அக்கா கைதட்ட, பில் போடுகிறவர்களும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து தட்டினார்கள்.

"ஏம்மா போச்சு அது?" என்றார் மேனேஜர்.

"மெஷினை எழுப்பினோம் சார். இதையும் எழுப்புன்னு அதுக்கு யாரும் சொல்லி வைக்கல. இன்னிக்கே சொல்லி வெச்சிடறேன்." மெஷின் எழுந்தவுடன் தானாக ஓடும் பட்டியலில் மதியத்துக்குள் அந்த வரியைச் சேர்த்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மெஷினை நிறுத்தி ஓட்டியும் பார்த்தேன். இசட் தானாக வந்து உட்கார்ந்தது.

நான் வெளியே வந்தபோது மேனேஜர் டெலிபோனில் மவுண்ட் ரோடு கம்பெனிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். "வேணாம் சார், நீங்க வர வேணாம். இங்க ஒரு பொண்ணு இருக்கா, அவளே முடிச்சுட்டா."

அவர் மேஜைக்கு எதிரே போய் நின்றேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "என்னம்மா?" என்றார்.

"பொண்ணுன்னு சொல்லாதீங்க சார். எங்க சிஸ்டம்ஸ்ல முடிச்சுட்டாங்கன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். "சார், எங்க சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட்லயே முடிச்சுட்டாங்க," என்றார்.

எங்கள் தொழிற்சாலையில் அதற்கு முன் அப்படி ஒரு டிபார்ட்மென்ட் கிடையாது.