அடுப்புக்குள் வைத்த சிம்பொனி

1928 செப்டம்பர் 3: ஒன்னி சிம்பொனியை எழுதத் தொடங்கினார்.
1937 மார்ச் 18: விப்புரியில் அரங்கேற்றம். சன்மானம் 900 மார்க்கா.
1939 நவம்பர் 6: மறுபடி வாசிக்க ஒப்பந்தம். 1,200 மார்க்கா.
1939 நவம்பர் 30: ஊர்மீது குண்டு விழுந்தது.

ஒன்னி பார்சினென் விப்புரி ரயில் நிலையத்தில் சரக்கு குமாஸ்தா. மாலையில் எங்கள் இசைக்குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிப்பார். வாழ்நாளில் எழுதியது ஒரே சிம்பொனி. குழுவின் இசைத்தாள்களைக் காத்து வந்தவன் நான். இரண்டாவது கச்சேரிக்காக அவரவர் வாத்தியத்துக்குரிய தாள்களை வீட்டில் பழகக் கொடுத்திருந்தேன். எல்லா வாத்தியங்களும் சேர்ந்த முழுப் பிரதி திருத்துவதற்காக ஒன்னியிடம் இருந்தது.

குண்டு விழுந்த அன்று அவரும் மனைவி லெம்பியும் ரயிலேறினார்கள். ஒரு வாரத்தில் திரும்பிவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வீடு இடிந்தாலும் ரொட்டி சுடும் செங்கல் அடுப்பு நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் எவரும் சொல்வார்கள். ஒன்னி முழுப் பிரதியை அந்த அடுப்புக்குள் வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மார்ச்சில் சண்டை நின்றது; ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், எதிரி நாட்டின் கைக்குப் போயிற்று. ஏப்ரலில் எங்கள் படைச் சிப்பாய் ஒருவன், சவோ வட்டாரப் பண்ணை ஒன்றில் ஒன்னியும் லெம்பியும் அகதிகளாகத் தங்கியிருந்த அறையைத் தேடி வந்தான். லெம்பியின் காப்பிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தான். ஜனவரிக் குளிரில் அவனுடைய படைப்பிரிவு அந்த வீட்டில்தான் தங்கியதாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே விறகைத் திணித்துப் பற்ற வைத்தார்களாம். நன்றாகச் சூடு கொடுத்ததாம்.

அவன் போனபின் லெம்பி சொன்னாள்: "இருபது வருஷம் ரொட்டிய ஒழுங்கா சுட்ட அடுப்பு. உன் பாட்டத்தான் கருக்கிடுச்சு."

ஒன்னி சிரிக்கவில்லை.

நாடெங்கும் சிதறிய எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பத்திரிகை விளம்பரத்தில்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். வாத்தியத் தாள்களைக் கேட்டு லெம்பியும் ஒன்று போட்டாள். வயலின் பெட்டியிலும் துணிமூட்டையிலும் வைத்து எடுத்துப் போயிருந்தவர்கள் அனுப்பத் தொடங்கினார்கள். நான் அந்தப் பண்ணைக்கே போய், வந்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி முழுப் பிரதியைத் திரும்ப உண்டாக்கினேன். செப்டம்பரில் கொம்பு வாசிக்கும் ரெய்னோவின் தாள் மட்டும் பாக்கி. இரண்டாம் பகுதி அவருடைய தனிக்கொம்பில் தொடங்கும். அங்கே மற்றவர்களுக்கு வேலையே இல்லை.

"நீங்க போட்ட மெட்டுதானே, ஒன்னி. நீங்களே எழுதிக் குடுங்க," என்றேன்.

"ஏழு விதமா ஞாபகம் இருக்குங்க. கடைசியா எதை வெச்சேன்னு தெரியல."

ரெய்னோ காலில் காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய அம்மா கொம்புப் பெட்டியில் உருளைக்கிழங்கு நிரப்பி ஊரைவிட்டுப் போயிருந்தார். கிழங்குக்கு அடியில் விரித்திருந்தது அந்தத் தாள்தான். விளம்பரம் கண்ணில் பட்டதும் ரெய்னோ அதை அனுப்பினார். 'மண் வாசனை போகல. மூணாவது வரிய வேகவெச்சு வாசிக்கச் சொல்லுங்க' என்று கூடவே எழுதியிருந்தார்.

ஒன்னி நின்றபடியே படித்தார். தலையை ஆட்டி, மெல்ல முனகிப் பார்த்தார்.

"அந்த ஏழுல இது இல்லவே இல்ல," என்றார். "இதுதான் நல்லாருக்கு."

பிறகு உட்கார்ந்து, லெம்பியிடம் காப்பி கேட்டார்.

ரெய்னோவின் கடிதம் வந்து சேர்ந்தது 1940 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை.