பத்துப் புடவை, பதினெட்டுச் சுற்று

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையில் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது, இறுக்கமான பனியன் போட்ட ஒருவர் என் பைக்குள் ஒரு நோட்டீஸைச் செருகிவிட்டுப் போனார். புதிதாக ஜிம் திறந்திருக்கிறார்களாம். கட்டடத்தின் உச்சியில், ஏசி, முதல் நாள் இலவசம். இந்த மாதிரிக் காகிதங்களில் நான் கறிவேப்பிலை சுற்றி வைப்பதுதான் வழக்கம். ஆனால் கீழே அச்சடித்திருந்த முகவரியைப் படித்ததும் நின்றுவிட்டேன். அது எங்கள் பழைய வீட்டின் கதவு எண். ஏழு வருடம் அங்கே வாடகைக்கு இருந்தோம்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்று தெரியும். அதே இடத்தில் எழுந்ததை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. இலவசம் என்றால் நான் விடுகிற ஆளும் இல்லை. கீரைக்கட்டோடு லிஃப்டில் ஏறினேன். கதவு திறந்ததும் புது ரப்பர் விரிப்பின் வாசனை மூக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் எங்கள் மொட்டைமாடியில் வேறு வாசனை இருக்கும். காயப்போட்ட மிளகாய், துணி சோப்பு, தண்ணீர்த் தொட்டியின் ஈரச் சிமெண்ட். நோட்டீஸ் கொடுத்தவரே அங்கே பயிற்சியாளராகவும் இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எங்கயாவது ஒர்க்அவுட் பண்ணியிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"பண்ணியிருக்கேன் தம்பி. இதுக்கு ஒரு மாடி கீழ."

பழைய கட்டடத்தின் மொட்டைமாடி அந்த உயரத்தில்தான் இருந்தது. அவரோ நாலாவது மாடி ஃபிளாட்டில் ஏதோ வகுப்பு நடக்கிறது என்று நினைத்திருப்பார். தலையாட்டினார். விளக்க ஆரம்பித்தால் கீரை வாடிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லலாம், உங்களுக்கு அவசரம் இல்லை.

அப்போது நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். உட்கார நாற்காலி கிடையாது. ஒப்பந்த வேலை, இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் தெரியாது. மகளுக்கு இரண்டு வயது. என் வீட்டுக்காரர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் தூங்கிய நேரங்களில் படித்து ரயில்வேயின் எழுத்துத் தேர்வு ஒன்றில் தேறியிருந்தேன். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. பெண்களுக்கு இருபது கிலோ எடையை நூறு மீட்டர் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்; இரண்டு நிமிடத்துக்குள், நடுவில் கீழே வைக்காமல். அப்புறம் ஒரு கிலோமீட்டர் ஓட்டம், ஐந்து நிமிடம் நாற்பது விநாடிக்குள். ஒரே ஒரு வாய்ப்பு. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். இதை விட்டால் ஆயுசு முழுக்க நின்றுகொண்டே பில் போட வேண்டியதுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பள்ளியில் நான் நானூறு மீட்டர் ஓடியவள். அது பள்ளியில். பிரசவத்துக்குப் பிறகு சேர்ந்த உடம்போடு இரண்டாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. மெயின் ரோட்டில் ஒரு ஜிம்மில் விசாரித்தேன். ஆறு மாதப் பேக்கேஜ் எடுத்தால்தான் பலன் தெரியும் என்றார்கள். எனக்கு இருந்ததோ மூன்று மாதம். ஒரு மாதக் கட்டணம் எங்கள் வாடகையில் பாதி. பெண்களுக்கான நேரம் காலை பதினொன்று. அப்போது நான் யாருக்காவது துவரம்பருப்புக்குப் பில் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகவே வீடே ஜிம். கொடிக்கயிறு வாங்கும்போது இரண்டு முழம் கூடுதலாக வாங்கி ஸ்கிப்பிங் கயிறு ஆக்கினேன். மகளை முதுகில் கட்டிக்கொண்டு சமையலறைப் பிள்ளையார் காலண்டர் முன் தோப்புக்கரணம் போட்டேன். பதினோரு கிலோ எடை, அதுவே சிரிக்கும், அதுவே எண்ணும், மூன்றுக்கு அப்புறம் நேராகப் பத்து. சாப்பாட்டுக்கு ஊறவைத்த வேர்க்கடலை, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை. நான் இளைத்தேனோ இல்லையோ, பிள்ளையார் மனம் இளகியிருப்பார்.

இருபது கிலோ எடைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது அது வாசலிலேயே வந்து நின்றது. உங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் குடிநீர் என்றால் கேன் தண்ணீர்தான். இருபது லிட்டர். எங்களுக்குப் போடுகிறவர் பெயர் ஏழுமலை. மொபெட்டில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். மாடி ஏற்றினால் மாடிக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. ஒரு நாள் நான் கீழே போய், கேனை நானே தூக்கிக்கொள்கிறேன் என்றேன்.

"இன்னாக்கா, நீயே தூக்கினு போறியா? வூட்ல அண்ணன் கூட சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்லண்ணா. ட்ரெய்னிங்."

விஷயத்தைக் கேட்டதும் மொபெட்டிலிருந்து இன்னொரு கேனையும் இறக்கினார். "அப்போ மூணாவது மாடி டீச்சரம்மாதும் சேத்து எத்துக்கினு போக்கா. எனக்கு முட்டி ரொம்ப பேஜாரா கீது."

இப்படித்தான் ரோஸ்லின் அக்கா எனக்குச் சிநேகிதி ஆனார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், பள்ளியில் கணக்கு டீச்சர். கதவைத் திறந்தால் வியர்வை சொட்ட இடுப்பில் கேனோடு நான். முதலில் பதறிப்போய் உள்ளே இழுத்து உட்காரவைத்தார். இரண்டாம் வாரம் காலி கேனை வாசலில் தயாராக வைத்துவிட்டு, "ட்ரெய்னிங்தானே, எதிர் வீட்டுக்கும் ஒண்ணு வேணுமாம்" என்றார். மூன்றாம் வாரம் ஏழுமலை எட்டுக் கேனை வாசலில் வரிசையாக இறக்கிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. எட்டையும் ஏற்றி முடித்தபோது வந்த பெருமையும் உண்மை.

தூக்குவதைச் சமாளித்துவிட்டேன். ஓட்டத்தில்தான் உதை. தெருவில் ஓடிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நாய்களும் ஓடின; வேகம் நன்றாக வந்தது, ஆனால் திசை என் கையில் இல்லை. அதனால் மொட்டைமாடிக்குப் போனேன். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று தெரிய வேண்டுமே. போனில் இருந்த ஆப், நான் பக்கத்துத் தெருவில் குறுக்கும் நெடுக்குமாகப் பறப்பதாகக் காட்டியது. ரோஸ்லின் அக்காதான் வழி சொன்னார். "புடவை எடுத்துட்டு வாயேன். அஞ்சரை மீட்டர். ஆளுக்கொரு முனை பிடிச்சா அஞ்சு நிமிஷ வேலை."

இந்த இடத்தில் என் புத்திசாலித்தனத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டின புடவை துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும், அளவு தப்பும் என்று, பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்த புதுப்புடவையைக் கொண்டுபோனேன். கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. கத்தரிப்பூ நிறம், கடுகு மஞ்சள் கரை. உடம்பு இளைத்த பிறகு பிளவுஸ் தைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வருடமாக அப்படியே வைத்திருந்தேன். இரண்டு பெண்கள் மொட்டைமாடியில் குனிந்து புடவையைச் சுவரோரமாக இழுத்து இழுத்து அளப்பதை அக்கம்பக்கம் முழுக்க வேடிக்கை பார்த்தது. ஒரு சுற்றுக்குச் சரியாகப் பத்துப் புடவை. ஐம்பத்தைந்து மீட்டர். பதினெட்டுச் சுற்றும், தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கொஞ்சமும் ஓடினால் ஒரு கிலோமீட்டர். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்.

கொடியில் பதினெட்டு க்ளிப் மாட்டினோம். நான் ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் அக்கா ஒன்றைக் கழற்றிப் பிளாஸ்டிக் கூடையில் போடுவார். மடியில் பரீட்சைப் பேப்பர், ஒரு கையில் சிவப்புப் பேனா. முதல் நாள் ஒன்பதாவது க்ளிப்போடு உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளில் பதினெட்டையும் முடித்தேன், ஒன்பது நிமிடத்தில். அப்புறம் எட்டு, ஏழு, ஆறரை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆறு நிமிடம் எட்டு விநாடி. அதோடு சரி. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. சூரியன் தொட்டிக்குப் பின்னால் எழும்புவதற்குள் ஓடினேன், வெறும் வயிற்றில் ஓடினேன், வாழைப்பழம் தின்றுவிட்டு ஓடினேன். ஆறு எட்டு. ஆறு பத்து. மறுபடி ஆறு எட்டு.

ஒரு நாள் தொட்டிச் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். "விட்டுடலாம்னு இருக்கேன்கா. அரை நிமிஷம் குறையணும். என்னால முடியல."

"நாப்பது மார்க் வாங்கறவனுக்கே நான் நூறு மார்க் கொஸ்டீன் பேப்பர்தான் கொடுக்கறேன். போய் எழுதிட்டு வா" என்றார் அக்கா. அதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் இன்னும் சுருக்கமாக முடித்தார். "ஃபெயில் ஆனா என்ன, ஏழுமலை கிட்ட உனக்கு பர்மனென்ட் வேலை இருக்கு." சிரித்துவிட்டு, தேர்வு நாளுக்கு லீவு சொல்லிவிட்டதாகவும் சொன்னார். லீவு போட்டால் அவருக்குச் சம்பளம் பிடிப்பார்கள். அதனால்தான் போனேன். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே போனேன்.

மைதானத்தில் கேன் இல்லை, மணல் மூட்டை. பிடிக்க இடமே இல்லாத மூட்டை. எனக்கு முன்னால் போன பெண் அதைத் தோளில் ஏற்ற, அது சரிந்து சரிந்து முதுகுக்குப் போனது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். நான் தோள் பக்கமே போகவில்லை. ஒரே தூக்கில் இடது இடுப்பில் வைத்தேன். எட்டுக் கேன் ஏறிய இடுப்பு அது. படிக்கட்டே இல்லாத நூறு மீட்டரை எங்கே பார்த்திருக்கிறேன்? திரும்பி வந்தபோது, அங்கே இருந்த ஊழியர் ஒருவர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் ஓட்டம். கண்ணை மூடினால் கொடியும் க்ளிப்பும்தான் தெரிந்தன. மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே ஓடினேன். மூலை இல்லை, தொட்டி இல்லை, காயப்போட்ட மிளகாயைத் தாண்ட வேண்டியதில்லை. மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது. கடைசி இரண்டு க்ளிப்புக்கு எப்போதும் கொஞ்சம் சேர்த்து வைப்பேன். அதை எடுத்துவிடலாம் என்று வேகம் கூட்டினேன். பின்னால் யாரோ கத்துவது கேட்டது.

"ஏம்மா, நில்லும்மா. முடிஞ்சுபோச்சு. எங்க ஓடற?"

ஐந்து நிமிடம் பதினான்கு விநாடி. கோட்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். நான் கை ஆட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, தோற்றுவிட்டுச் சிரிக்கிறேன் என்று நினைத்து அவரும் சமாதானமாகச் சிரித்தார். பதினான்கு விநாடியைச் சொன்னதும்தான் மனிதருக்குக் கண் கலங்கியது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் மாதிரி ஒன்று அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

ஆறு எட்டு ஓடியவள் ஐந்து பதினான்கு எப்படி ஓடினேன்? சாமி புண்ணியம் என்று நான் நினைத்தேன். ஜெபம் என்றார் ரோஸ்லின் அக்கா. உண்மை தெரிந்தது தையல் கடையில். வேலையில் சேருகிற நாளுக்கு அந்தக் கத்தரிப்பூப் புடவையைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு எடுத்துப்போனேன். தையல்காரர் முந்தானைக்கு எதிர்முனையை மேசையில் விரித்தார்.

"பிளவுஸ் பிட்டு இதுலயே இருக்கு மேடம். எம்பது சென்டி. வெட்டிடட்டா?"

"ஒரு நிமிஷம் வெட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, கடை வாசலுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். நாங்கள் இழுத்து இழுத்து அளந்த புடவையில் பிளவுஸ் துணியும் சேர்ந்தே இருந்திருக்கிறது. சொன்னதும் அந்தப் பக்கம் முணுமுணுப்பு. "புடவைக்கு எம்பது சென்டின்னா, சுத்துக்கு எட்டு மீட்டர். பதினெட்டு எட்டு... நூத்தி நாப்பத்தி நாலு மீட்டர். அடிப்பாவி, தினமும் அவ்ளோ கூட ஓடியிருக்க."

"நீங்கதானேக்கா கணக்கு டீச்சர்."

"தயவுசெஞ்சு ஸ்கூல்ல யாருக்கும் சொல்லிடாத."

இதுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

இப்போது நான் தாம்பரத்தில் ரயில்வே ஊழியர். உட்காருவதற்கு எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்காரும்போதெல்லாம் ஒரு திமிர் வருகிறது, மறைக்க மாட்டேன். அக்கா பெரும்பாக்கம் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார். ஏழுமலை கேன் போடுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டிய பிறகு யார் கேன் வாங்குகிறார்கள்.

ஜிம்மில் அந்தத் தம்பி என்னை ஓடும் இயந்திரத்தில் ஏற்றிவிட்டார். சுடிதார்தான், பரவாயில்லை. கீரைக்கட்டை ஜன்னலோரம் வைத்தேன். "ஃபர்ஸ்ட் டே மேடம், ஸ்லோவா ஒரு கிலோமீட்டர் போதும்" என்று வைத்துக் கொடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மொட்டைமாடியிலிருந்து பார்த்த அதே ஏரிப் பக்கத்து வானம். இந்தப் பக்கம் எதுவும் அதே இல்லை. தொட்டி இல்லை, கொடி இல்லை, கேன் இடித்து இடித்து முனை உடைந்த படிகள் இல்லை. ஓட ஓட ஒவ்வொரு க்ளிப்பாகக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு கிலோமீட்டர் ஆனதும் இயந்திரம் சத்தம் கொடுத்தது. தம்பி நிறுத்துவதற்குக் கையை நீட்டினார்.

"போதும் மேடம். முடிஞ்சிருச்சு."

"இல்ல தம்பி. இன்னும் நூத்தி நாப்பத்தி நாலு மீட்டர் இருக்கு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவு நீளமான கிலோமீட்டர் இந்த ஊரில் ஒரே ஒரு மொட்டைமாடியில்தான் இருந்தது, அதையும் இடித்துவிட்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கடைசி இரண்டு க்ளிப்புக்கு வேகத்தைக் கூட்டி, அதை முழுதாக ஓடி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.