சட்டைப் பொத்தானைப் பார்

எங்கள் தெருமுனையில்தான் இராணுவ மருத்துவமனையின் பின்வாசல். அடிபட்ட சிப்பாய்களை முன்வாசல் வழியாகக் கொண்டுவருவார்கள். அவர்களைத் தேடி வரும் பெண்டாட்டி பிள்ளைகள் பின்வாசல் வழியாக வந்து எங்கள் தெருவில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பார்கள். கையில் ஒரு பை, இடுப்பில் ஒரு பிள்ளை, தங்க இடம் கிடையாது. பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், பூட்டிக்கிடந்த ஒரு மாடிவீட்டை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, அவர்களுக்கென்று ஒழித்துக்கொடுத்தோம். பேக்கரிக்காரர் ரொட்டி அனுப்புவார். எலக்ட்ரீஷியன் ஃபேனும் லைட்டும் பார்த்துக்கொள்வார். படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்ப்பது என்னுடைய சலவைக்கடை. மற்ற எல்லாமே சாவியக்கா.

இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்கும், அதனால் அந்தப் பேர். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் தனிக்கட்டை. கட்டிலில் விரிப்பை இழுத்துவிட்டால் ஒரு சுருக்கம் இருக்காது. என் இஸ்திரிப் பெட்டியே வெட்கப்பட வேண்டும். வாயும் அப்படித்தான். "என்னய்யா இது, துவைச்சீங்களா, தண்ணி காட்டிட்டு வந்தீங்களா?" என்று தெருவே கேட்கும்படி கத்துவாள். சாக்கடை அடைத்துக்கொண்டால் எல்லாருக்கும் முன்னால் கையை விடுவாள். தேள் வந்தால் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடுவாள். ஆனால் ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் தலை சுற்றிவிடும். காய் நறுக்கும்போது விரலில் பட்டுவிட்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கடைக்கு வந்து, "தம்பி, பெரிசா, சின்னதா, நீயே பார்த்துச் சொல்லு" என்று விரலை நீட்டுவாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

அந்த வீட்டை நடத்துவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. காயம் ஆறிவரும் சிப்பாய்களை இடையில் ஓரிரு நாள் குடும்பத்தோடு இருக்க அங்கே அனுப்புவார்கள். புதுக் குடும்பம் வருகிறது என்றால், முதலில் வார்டு நர்ஸிடம் போய் என்ன காயம் என்று கேட்டுக்கொண்டு வருவாள். பிறகு அந்த மனுஷன் மனசு நோகும்படி அறையில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் அப்புறப்படுத்துவாள். கால் போனவர் என்றால் செருப்பு வைக்கும் ஸ்டாண்டு காணாமல் போகும். கை போனவர் என்றால் கேரம் போர்டு பரண்மேல் ஏறிவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாக யோசித்துச் செய்ததுதான். எங்கள் அக்காவுக்கு என்ன மனசு, என்ன மூளை என்று நாங்கள் போகிற வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டோம். செருப்பு ஸ்டாண்டு இல்லாமல் அந்த ஆள் தன் ஒற்றைச் செருப்பை எங்கே கழற்றி வைத்தார் என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் முகம் வெந்துபோன அந்தச் சிப்பாயின் மனைவியும் மகளும் வந்தார்கள். வண்டி தீப்பிடித்துவிட்டதாம். உள்ளே இருந்தவர்களை இழுத்துப் போட்டவர், கடைசியில் தான் மாட்டிக்கொண்டார். மகள் பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்த வாயாடி. அவளை வார்டுக்குள் விடமாட்டார்கள்; அதனால் காயம் பட்டபின் அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. கட்டு அவிழ்த்தபிறகு ஒரு சனி, ஞாயிறு மட்டும் அவரை இந்த மாடிவீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பது என்று டாக்டர் சொன்னார். அவரோ, ஊனமுற்ற வீரர்களுக்கான விடுதி எங்கேயோ தொலைவில் இருக்கிறது, அங்கேயே போய்விடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை தன்னைப் பார்த்துப் பயந்துவிடுவாள் என்பதுதான் அவருக்குப் பயம். அந்த ரெண்டு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, விடுதியா, சொந்த வீடா என்று திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"இந்த ரெண்டு நாள்ல ஒண்ணும் தப்பு நடந்துடக் கூடாதுக்கா," என்று மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் அக்கா.

வீட்டில் இருந்த கண்ணாடிகள் எல்லாம் அன்றைக்கே இறங்கின. குளியலறைக் கண்ணாடியை எலக்ட்ரீஷியன் கழற்றினார். மாடியில் இருந்த இன்னொரு குடும்பத்துப் பெண் ஜன்னலைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டாள். அதோடு அக்கா விடவில்லை. அந்தச் சின்னப் பெண்ணை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"அப்பா மூஞ்சியப் பாக்கக் கூடாது, சரியா? பாத்தா அவருக்குக் கஷ்டமா இருக்கும். பேசும்போது சட்டைப் பொத்தானப் பாத்துப் பேசணும். எங்க, என் பொத்தானப் பாத்துப் பேசு பாப்போம்."

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, பிள்ள அவரப் பாக்காம எப்படி..." என்று இழுத்தாள்.

"உன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன். நீ சும்மா இரு," என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள். கட்டில் நம்முடையது, ரொட்டி நம்முடையது. ஓசியில் தங்கியிருக்கிறவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவாளா? அது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

எங்களுக்கும் அதே உத்தரவுதான். சனிக்கிழமை காலையில் அவர் வந்து இறங்கியபோது தெருவே வாசலில் நின்றது. பேக்கரிக்காரர் அவருடைய ஷூவைப் பார்த்து நலம் விசாரித்தார். நான் காலரைப் பார்த்து, "சட்ட நல்லா இஸ்திரி போட்டிருக்கு தம்பி" என்று உளறினேன். அக்கா டீ கொண்டுவந்தாள், ரொட்டி கொண்டுவந்தாள், தலையணை கொண்டுவந்தாள், எல்லாவற்றையும் அவருடைய முழங்காலிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சின்னப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை. ஒரு தடவைகூடத் தவறவில்லை. "பாத்தியா, எப்படிப் போகுதுன்னு," என்று சாயங்காலம் என் கடைக்கு வந்து அக்கா பெருமையடித்துக்கொண்டாள். உச்சி குளிர்ந்துபோய் இருந்தாள்.

ஞாயிறு காலை நான் விரிப்புக்கட்டோடு உள்ளே நுழைந்தபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். புழுக்கத்துக்கு ஒரு பனியன் மட்டும் போட்டிருந்தார். மகள் அவர் எதிரே வந்து நின்று, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "அப்பா, போய்ச் சட்ட போட்டுக்கிட்டு வாங்க," என்றாள்.

"ஏம்மா? குளிரலையே."

"பொத்தான் வெச்ச சட்ட போடுங்கப்பா. இல்லேன்னா நான் எங்க பாக்குறது?"

அவர் குனிந்து தன் பனியனைப் பார்த்தார். "யாரு கண்ணு அப்படிப் பாக்கச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சாவி அத்த."

அக்கா அடுக்களை வாசலில் டீக் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. மனைவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். நான் விரிப்புக்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இங்க வாங்க," என்றார் அவர். கோபமாகக் கூப்பிடவில்லை. அக்கா போய் எதிரே நின்றாள். தலை குனிந்தே இருந்தது.

"நேத்துலேர்ந்து எனக்கு டீ குடுக்குறீங்க, சாப்பாடு போடுறீங்க. நிமிராம சொல்லுங்க பாப்போம். எனக்கு எத்தன கண்ணு இருக்கு?"

கேலியாகத்தான் கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒரு கண் போய்விட்டதாக யாரோ சொன்ன ஞாபகம், அது இவருக்கா, போன மாதம் இருந்தவருக்கா? ஒருநாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து உபசாரம் செய்த ஆளைப் பற்றி இதுகூடத் தெரியவில்லை. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"ரெண்டும் இருக்குக்கா," என்றார் அவர். "ரெண்டும் நல்லாவே தெரியுது. நேத்து ஒவ்வொருத்தரும் எங்க பாத்தீங்கன்னு நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். மத்தவங்க போகட்டும். என் பொண்ணும் பாக்கலையேன்னுதான்... விடுதிக்கே போயிடலாம்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். இவகிட்டகூடச் சொல்லல."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்தது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, தான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டோம் என்பது வரைக்கும் புரிந்தது. அவள் தலையை நிமிர்த்தி அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிள்ளைகள் பார்ப்பதுபோல, பக்கத்தில் வந்து, வாயைத் திறந்துகொண்டு, இண்டு இடுக்கு விடாமல் பார்த்தாள். இழுத்துக்கொண்டிருந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

அவள் அக்காவிடம் திரும்பினாள். "வலிக்கலையாம். அப்புறம் எதுக்கு அத்த பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

அக்கா டீக் கிளாஸைக் கீழே வைத்தாள். மெல்ல நிமிர்ந்தாள். வெந்து தழும்பேறிய நெற்றியை, புருவம் இல்லாத அந்த ரெண்டு கண்களைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் பாப்பா பயம்," என்றாள். "உங்க அப்பாவுக்காகச் சொல்லல. எனக்காகத்தான் சொல்லியிருக்கேன்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் வாய் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். நேற்று நானும் அந்தக் காலரைப் பார்த்தவன்தானே. விரிப்புக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு நழுவி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்கே போகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். சிகிச்சை முடிந்து அவர்கள் மூன்று பேருமாகப் புறப்பட்ட அன்று, மறுபடியும் தெருவே வாசலில் நின்றது. அவர் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து, முகத்தைப் பார்த்துப் பேசினார். இந்த வீடு இல்லையென்றால் என் பெண்டாட்டி பிள்ளை நடுத்தெருவில்தான் நின்றிருப்பார்கள் என்றார். அக்காவிடம் வந்ததும் மனைவி குனிந்து அவள் காலைத் தொடப் போனாள்.

"வேண்டாம்மா," என்று அக்கா பின்வாங்கினாள். "என்னத் திட்டிட்டாவது போங்களேன்."

அவர்கள் திட்டவில்லை. வண்டி நகரும்வரை நன்றி சொல்லிக்கொண்டே போனார்கள். அக்கா நிமிர்ந்துதான் நின்றாள், கடைசிவரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வண்டி திரும்பியதும், எங்கள் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.