ஈட்டி எடுத்துக் கொடுத்த கோடை

குதிரையில் பாய்ந்து வந்து எதிராளியின் நெஞ்சில் ஈட்டியால் இடிப்பது ஒரு வேலை. இடிப்பவருக்கு ஈட்டி எடுத்துக் கொடுப்பது இன்னொரு வேலை. முதலாவதற்குக் கைதட்டல், இரண்டாவதற்குக் குதிரைச் சாணம். கோடை விடுமுறை வேலையில் மேலாளரோடு வாதாடி, நியாயம் தன் பக்கம் இருந்தும் தோற்று வீடு திரும்பியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்தான். உங்களுக்காகவே எழுதுகிறேன்.

உருளைக்கிழங்கு

வீடு கோல்டிங் என்ற டேனிஷ் நகரத்தில், படிப்பு ஓகூஸ் பல்கலைக்கழகத்தில், பாடம் வரலாறு. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், கோடையில் மட்டும் திறக்கிற, மத்தியகாலம் போல அமைத்த ஒரு காட்சிக் கிராமம் இருக்கிறது. கூடாரங்கள், கொல்லன் பட்டறை, தினமும் பிற்பகலில் ஈட்டிப் போட்டி. எனக்குக் குதிரை ஓடத் தெரியும். லாயம் கூட்டிக் கூட்டிச் சவாரி பழகியவள் நான். தெற்கு யூலண்டில் ரிங்ரிட்னிங் என்று ஒரு விளையாட்டு, மேலே தொங்கும் சின்ன வளையத்தைப் பாயும் குதிரையில் இருந்தபடி ஈட்டியால் கோர்த்தெடுப்பது. அதில் பெண்களும் ஆண்களும் சமமாக ஓடுகிறார்கள், நானும் ஓடியிருக்கிறேன். ஆகவே வீரராகத்தான் வேலை கேட்டேன்.

மேலாளர் ஹென்ரிக், மத்தியகாலத்தில் பெண் வீரர்கள் இல்லை, நீ ஈட்டி எடுத்துக் கொடு என்றார். நான் விடவில்லை. மத்தியகாலத்து ஐரோப்பாவில் உருளைக்கிழங்கும் இல்லை, வாசலில் நீங்கள் பொரித்து விற்கிறீர்களே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார். (சொன்னது டேனிஷில், எனக்குக் கோபம் வந்தால் என் காதில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார்கள்.) "உருளைக்கிழங்கை ஒருத்தரும் படம் எடுக்கிறேல்லை."

நீலம் வெல்லும்

போட்டியின் முடிவு காலையிலேயே முடிந்த கதை. நீல வீரர் வெல்வார். சிவப்பு வீரர் மூன்றாம் ஓட்டத்தில் விழுவார். ஈட்டியின் முனை, பட்டதும் பொடியாகிற இலேசான மரம். என் வேலை முறிந்ததை வாங்கி முழுசைக் கொடுப்பது, நடுவில் கவசத்தின் வார்களை இழுத்துப் பூட்டுவது. ஓரிடத்தில் நிற்க வராத என் கால்கள் வேலியோரத்தில் நின்று நின்று புல்லைத் தேய்த்துவிட்டன.

சிவப்பு வீரர் மெஸ், குளிர்காலத்தில் மின்சார வேலை செய்கிறவர், என் வயதுதான். தினமும் தோற்பது மானக்கேடாக இல்லையா என்று குடைந்தேன். அவர் கோபப்படவில்லை. பின்னேரம் லாயத்துக்குப் பின்னால் வா, விழப் பழக்குகிறேன் என்றார். வைக்கோலில் விழுந்து விழுந்து என் தோள் நீலம் பாரித்த பிறகு, எழும்பக் கை கொடுத்தபடி சொன்னார்: "வெல்லுறதுக்குக் குதிரையிலை இருந்தாப் போதும். விழுறதுக்குத்தான் பழகவேணும்."

நாடா

போட்டிக்கு முன் பார்வையாளரில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, நீல வீரரின் கையில் பட்டு நாடா கட்டச் சொல்வது அங்கத்தைய வழக்கம். ஒருநாள் அறிவிப்பாளர் கை காட்டியது, வைலேயிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூத்த மகளை. பிள்ளை சிரித்துக்கொண்டு எழும்பியதுதான் தாமதம், தகப்பன் வேலியைத் தாண்டிவிட்டார். இத்தனை சனத்துக்கு முன்னால் கலியாணமாகாத பிள்ளை ஒரு பெடியனுக்குக் கட்டுவதா? நாடாவைப் பறித்துத் தானே கட்டினார். பொதிகள் ஏற்றுகிற இடத்தில் வேலை செய்கிறவர் என்பது முடிச்சில் தெரிந்தது. பிறகு நான் அதைக் கத்தரிக்கோலால்தான் எடுத்தேன்.

மகள் டேனிஷில் சீறினாள். நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு, அங்கிள், இது வெறும் நாடகம் என்றேன். அவர் என் தோல் சட்டையையும் சேறு பிடித்த சப்பாத்தையும் மேலும் கீழும் பார்த்தார். "நாடகமெண்டால் நான் கட்டினால் என்ன பிள்ளை? ஓம், உன்ரை அப்பா அம்மாவுக்குத் தெரியுமோ நீ இஞ்சை நிக்கிறது?"

தூக்குகிற வேலை

அந்தக் கோடையின் கடைசி ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் மெஸ் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார், குதிரையில் அல்ல, சைக்கிளில். ஹென்ரிக் போட்டியை நிறுத்தப் பார்த்தார். நான் ஓடுகிறேன் என்றேன். இவள் என்னைவிடச் சுத்தமாக விழுவாள் என்று மெஸ்ஸும் சொல்ல, ஹென்ரிக் அரை மனதோடு இணங்கினார். ஆனால் இரண்டு நிபந்தனை: மூன்றாம் ஓட்டத்தில் விழவேண்டும், தலைக்கவசத்தின் முகமூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் அடுத்த கோடைக்கு இந்தப் பக்கமே வரவேண்டாம். முகமில்லாமல் ஓடுவது ஓட்டமா என்று மனம் கொதித்தது. ஆனாலும் ஓமென்றேன்.

அம்மா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பெண்ணுரிமை, வரலாறு என்று அவவுக்கு ஒரு முழு விரிவுரையே நடத்தினேன். சீருடையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "விழுந்த ஆக்களைத் தூக்கிறதுதான் என்ரை வேலை. அதை வீட்டுக்கும் கொண்டு வந்திடாதை."

மூன்றாம் ஓட்டம்

தலைக்கவசத்துக்குள் உலகம் ஒரு கீறல். அதற்குள் நீலம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதல் ஓட்டத்தில் என் ஈட்டி அவர் கேடயத்தில் பொடியானது, இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் அவருடைய முனை என்னில் பட்டும் படாமலும் வழுக்கிப் போனது. விழக் காரணமே இல்லை. விழாமல் இருந்தால் வெற்றி எனக்குத்தான். தொடைகள் சேணத்தை விட மறுத்தன. ஆனால் நான் வாக்கை மீறினால், பெண்ணை நம்பிக் குதிரையில் ஏற்றினால் இப்படித்தான் என்று ஒரு வாய் சொல்லுமே. அந்த வாதத்தில் எனக்குப் பதில் இருக்காது. சேணத்து மிதியிலிருந்து காலை உருவிக்கொண்டு விழுந்தேன்.

விழுந்த வேகத்தில் மூச்சு முட்டியது. யோசிக்க நேரமில்லை, முகமூடியைத் தூக்கிவிட்டேன். உள்ளே இருந்தது ஒரு பெண் என்று சனம் கண்டது. பிறகு எழுந்த கைதட்டல், மெஸ்ஸுக்கு ஒருநாளும் கிடைக்காதது. படமெடுக்க முன்வரிசையே கைபேசியை உயர்த்தியது. வேலியோரத்தில் ஹென்ரிக் கைகட்டி நின்றார். அடுத்த கோடை போய்விட்டது என்று தெரிந்தது. புல்லும் மண்ணுமாக, சொல்லவேண்டிய நியாயங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஒன்றையும் சொல்ல அவர் விடவில்லை.

"அடுத்த வருசமும் நீ ஓடு, முகத்தை மூடத் தேவையில்லை. ஆனா விழத்தான் வேணும்."

ஒரு கோடை முழுக்க ஓயாமல் வாதாடி, நாள்தோறும் ஊரறியத் தோற்கும் உரிமையை நான் வென்றெடுத்திருக்கிறேன்.